சின்ன மில்லிங் மெஷினுக்கு வைஸ்: வாங்கும்போதும் பூட்டும்போதும் செய்யும் தவறுகள்

ஜாபை, அதாவது வெட்டப்போகும் துண்டை, இரண்டு தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிப்பதுதான் வைஸ். என் மில்லிங் மெஷினில் முதலில் ஏறி உட்கார்ந்தது ஒரு டிரில்லிங் மெஷின் வைஸ். பார்க்க மில்லிங் வைஸ் மாதிரியேதான் இருந்தது, விலையோ மூன்றில் ஒரு பங்கு. அதில் பிடித்து மேல்முகம் சீவிய முதல் அலுமினியக் கட்டையை மைக்ரோமீட்டரில் வைத்தால், ஒரு ஓரம் 20.00 மி.மீ., மறு ஓரம் 20.30. மெஷின்தான் கோணல் என்று முடிவுகட்டி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதன் தலையைக் கழற்றி மாட்டினேன். மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வைஸில் ஒரு தாடை நிலையானது, மற்றது நகரும். ஸ்க்ரூ அந்த நகரும் தாடையைக் கீழ்ப்பகுதியில் தள்ளுகிறது. ஜாப் அதை மேல்பகுதியில் எதிர்க்கிறது. டிரில் வைஸில் தாடைக்கும் அது ஓடும் தடத்துக்கும் நடுவில் லூஸ் தாராளம். இறுக்க இறுக்கத் தாடை பின்னால் சாய்ந்து, அதன் முகம் மேலே எழும்பும். போகிற போக்கில் ஜாபின் அந்தப் பக்கத்தையும் தூக்கிவிடும். துளை போடும்போது விசை நேர் கீழாக விழுவதால் இது பெரிதாகத் தெரியாது. மில்லிங்கில் சுழன்று வெட்டும் எண்ட் மில் கட்டர் அப்படி இல்லை. பக்கவாட்டில் தள்ளும், அதன் முறுக்கு வெட்டு ஜாபை மேலேயும் இழுக்கும்.

இதற்குத்தான் ஆங்கிள் லாக் வைஸ். அமெரிக்காவின் கர்ட் கம்பெனி பெயர் வாங்கியது இந்த அமைப்பில்தான். இன்று பலரும் அதே பாணியில் செய்கிறார்கள். தாடைக்குள் ஒரு சாய்வான முகமும் அரைக்கோளத் துண்டும் இருக்கும். ஸ்க்ரூ இழுக்கும் விசையில் ஒரு பங்கு தாடையைக் கீழ்நோக்கி அமுக்கும். இன்னொரு நல்ல வழி, டூல்மேக்கர் வைஸ் என்றும் ஸ்க்ரூலெஸ் வைஸ் என்றும் விற்பது. அதில் சாய்வாகப் போகும் ஒரு போல்ட் தாடையை முன்னாலும் கீழேயும் சேர்த்து இழுக்கிறது. உயரம் குறைவு, எல்லாப் பக்கமும் கிரைண்டிங் செய்தது. ஒவ்வொரு அளவுக்கும் கீழே உள்ள பின்னை வேறு பள்ளத்துக்கு மாற்ற வேண்டும் என்பது மட்டும் எரிச்சல். சின்ன மெஷினுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்த தவறு அளவில். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். சீக் எக்ஸ்2 வகை மினி மில்லை எடுத்துக்கொள்வோம். வைஸ் உட்காரும் டேபிள் சுமார் 390 மி.மீ. நீளம், 92 மி.மீ. அகலம். பிரிட்ஜ்போர்ட் போன்ற பெரிய மெஷினில் இருக்கும் 6 இஞ்ச் (தாடையின் அகலம்) வைஸ் 30 கிலோவுக்கு மேல். அதை யாரும் இதில் வைக்கப் போவதில்லை. ஆனால் 4 இஞ்ச் வைஸில் ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அது டேபிளுக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு, பின்பக்கம் தூணில் போய் முட்டும். ஏற்கெனவே 100 மி.மீ. அளவுக்கே இருக்கும், டேபிள் முன்னும் பின்னும் நகரும் குறுக்கு ஓட்டத்தில் ஒரு பகுதி போயிற்று. இந்த மெஷினுக்கு இரண்டரை அல்லது மூன்று இஞ்ச் போதும்.

உயரத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை. இந்த மெஷினில் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் முனையிலிருந்து டேபிள் வரை அதிகபட்சம் 280 மி.மீ. சுழலும் அடித்தட்டோடு வரும் வைஸில் ஜாப் உட்காரும் இடமே 90 மி.மீ. உயரத்துக்கு வந்துவிடலாம். டிரில்லைக் கவ்வும் சக் ஒரு 100. அதில் மாட்டிய 10 மி.மீ. டிரில் வெளியே நீட்டுவது இன்னொரு 90. கூட்டினால் 280. ஜாப் வைக்க இடம் எங்கே? அடித்தட்டைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கோணத்தில் வெட்ட வேண்டிய நாள் வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அது உயரத்தைத் தின்னும், கூடவே அதிர்வுக்கு இடம் கொடுக்கும் இன்னொரு இணைப்பு.

சரி, வைஸ் வந்துவிட்டது. அப்படியே தூக்கி வைத்துப் பூட்டாதீர்கள். அடிப்பக்கத்தையும் டேபிளையும் வெறும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு கைக்குத் தெரியும். ஆயில் ஸ்டோனை லேசாக ஓட்டித் துடைத்தால் போதும். ஒரு துகள் அடியில் மாட்டினாலும் வைஸ் அதன் மேல் சாய்ந்து நிற்கும்.

டேபிளின் டி வடிவ ஸ்லாட்டுக்குள் நின்று போல்ட்டைப் பிடிக்கும் டி-நட் விஷயத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள், இது டேபிளையே உடைக்கக்கூடியது. நட்டின் மரை அடிவரை திறந்திருந்து, போல்ட்டும் நீளமாக இருந்தால், போல்ட்டின் முனை ஸ்லாட்டின் அடியில் போய் ஊன்றும். அதற்கு மேல் இறுக்குவது வைஸை இறுக்குவதாகாது. நட் ஜாக்கி மாதிரி மேலே ஏறி ஸ்லாட்டின் உதட்டை நெம்பும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதனால்தான் நல்ல டி-நட்டில் கடைசி மரையை நசுக்கி வைத்திருப்பார்கள். உங்களுடையதில் அப்படி இல்லையென்றால் அடியில் ஒரு சென்டர் பஞ்ச் அடி போட்டுவிடுங்கள். வைஸை மேலிருந்து அமுக்கும் கிளாம்ப் பட்டை வைத்துப் பிடிப்பதானால் போல்ட் வைஸுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கிளாம்பின் பின்முனையைத் தாங்கும் முட்டு வைஸ் பக்கத்தைவிட ஒரு நூல் உயரமாக இருக்கட்டும். முட்டு தாழ்ந்தால் கிளாம்ப் வைஸின் ஓரத்தை மட்டும் தொட்டு வழுக்கும்.

அப்புறம், சின்ன விலகலையும் முள்ளில் காட்டும் டயல். வைஸை ட்ரூ பார்ப்பதற்கு (டேபிளின் ஓட்டத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பார்ப்பதற்கு) முன்பே மெஷினின் தலை டேபிளுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். வைஸுக்கு வந்தால், டயலின் முனை தொட வேண்டியது நிலையான தாடையின் முகத்தை. நகரும் தாடை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி நிற்கும், அதை நம்பி அளப்பது வீண். ஒரு போல்ட்டை ஓரளவு இறுக்கி, மற்றதைத் தொட்டும் தொடாமலும் விட்டு, டேபிளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டுங்கள். முள் காட்டும் வித்தியாசத்தில் பாதியளவுக்கு மென்சுத்தியலால் தட்டுங்கள், மறுபடி ஓட்டுங்கள். 75 மி.மீ. தாடையில் 0.05 விட்டால், டேபிளின் 220 மி.மீ. முழு ஓட்டத்தில் அது 0.15 ஆகிவிடும். முள் அசையாமல் நின்றதும் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டு டயலை எடுத்து வைப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. இறுக்கும்போதே வைஸ் திரும்பியிருக்கும். இறுக்கிய பிறகு ஒரு ஓட்டம் கட்டாயம்.

ஜாபைப் பிடிப்பதிலும் சில உண்டு. சின்னத் துண்டைத் தாடையின் ஒரு ஓரத்தில் பிடித்தால் தாடை கோணிக்கொள்ளும். மறு ஓரத்தில் அதே கனத்தில் ஒரு துண்டு வையுங்கள், அல்லது நடுவில் பிடியுங்கள். கட்டரின் தள்ளல் கூடியவரை நிலையான தாடை மேல் விழட்டும். கைப்பிடியில் பைப் மாட்டி இறுக்காதீர்கள், சின்ன வைஸின் உடம்பே விரியும்.

ரம்பத்தில் அறுத்து வந்த கட்டையின் இரண்டு பக்கமும் இணையாக இருக்காது. நேரே பிடித்தால் இரண்டு தாடையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சீவிய முகத்தை நிலையான தாடையோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் நகரும் தாடைக்கும் ஜாபுக்கும் நடுவில் ஒரு உருண்டைக் கம்பியைப் படுக்க வைத்துப் பிடியுங்கள். கம்பி ஒரு கோட்டில் மட்டுமே தொடுவதால், ஜாப் நிலையான தாடையோடு முழுதாக ஒட்டிக்கொள்ளும். ஜாபுக்கு அடியில் வைக்கும் ஒரே உயரப் பட்டைகளான இரண்டு பேரலல்களுக்கும் மேலே ஆளுக்கொரு மெல்லிய பேப்பர் துண்டை வைத்து, இறுக்கி, ஜாபை ஒரு தட்டு தட்டி, பேப்பரை இழுத்துப் பாருங்கள். ஒன்று வந்துவிட்டால் கழற்றி மறுபடி பிடியுங்கள். இரண்டும் கிழிந்தால்தான் வருகின்றன என்றால் மெஷினை ஆன் பண்ணலாம்.