ஆப்ஜ்டம்ப் காட்டுவதைத் தப்பாகப் படிக்காமலிருக்க

காரைக்குடிக்குப் பொறியியல் கல்லூரி 1952இலேயே வந்துவிட்டது. தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் போர்டைக் கையிலெடுத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கக் கொஞ்சமும் தயங்குவதில்லை. சி புரோகிராமை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் தந்த கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னால் மட்டும் பின்வாங்குகிறார்கள். திறப்பவர்களும் முதல் திரையிலேயே எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டு, நமக்கு இது சரிப்படாது என்று மூடிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். குனூ பின்யுடில்ஸ் தொகுப்பில் வரும் ஆப்ஜ்டம்ப் மிக எளிமையான கருவி. பைட்டுகளை எடுத்து, நாம் சொன்ன விதத்தில் அசெம்பிளியாக, அதாவது பிராசஸர் கட்டளைகளின் பெயர்களாக, எழுதிக் காட்டும். புரோகிராமை அது ஓட்டிப் பார்ப்பதில்லை. எதிரில் இருப்பது உண்மையிலேயே கோடுதானா என்று யோசிப்பதும் இல்லை. எந்த பிராசஸருக்கான கோப்பு, லிங்க் ஆனதா (கூப்பிடும் வெளி ஃபங்ஷன்களோடு இணைக்கப்பட்டதா) ஆகாததா, உள்ளே கோடு எங்கே, டேட்டா எங்கே என்பதை நாம்தான் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். அது தெரியாமல் கேட்பதால்தான் கீழே வரும் தவறுகள் அத்தனையும் நேர்கின்றன.

லிங்க் ஆகாத கோப்பை முடிந்த கோப்பாக நினைப்பது

வகுப்பில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை: "அண்ணே, மெயின் தன்னையே கூப்பிடுதுண்ணே, பிரின்ட்எஃப்பைக் காணோம்."

ஒரே ஒரு வரி அச்சிடும் சி புரோகிராமை, லிங்க் செய்யாமல் ஆப்ஜெக்ட் கோப்பாக மட்டும் கம்பைல் செய்து, ஆப்ஜ்டம்ப்புக்கு டிஸ்அசெம்பிளின் முதலெழுத்தான சின்ன டி என்ற ஆப்ஷன் கொடுத்தால் 64 பிட் இன்டெல் இயந்திரத்தில் இப்படி ஒரு வரி வரும்: (எண்கள் எல்லாம் ஹெக்ஸில், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்டவை) முகவரி 12, பைட்டுகள் இ8 00 00 00 00, அதற்கு எதிரே கால் 17, மெயின்+17. இ8 என்பது கால், அதாவது ஃபங்ஷனைக் கூப்பிடும் கட்டளை. அடுத்த நான்கு பைட்டும் எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்ற கணக்கு. அது இப்போது பூஜ்யம். 12இல் தொடங்கும் 5 பைட் கட்டளை முடிந்தால் அடுத்த இடம் 17. பூஜ்ய தூரம் தாவினால் அந்த 17க்குத்தான் போக முடியும். ஆப்ஜ்டம்ப் உள்ளதை உள்ளபடி கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது.

அந்த நான்கு பூஜ்யங்களும் லிங்கர் பிறகு வந்து நிரப்புவதற்காக விட்ட இடம். பேரேட்டில் தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டு, எதை எங்கிருந்து எடுத்து எழுத வேண்டும் என்று தனித் துண்டுச்சீட்டில் குறித்துவைப்பதைப் போன்ற ஏற்பாடு. அந்தச் சீட்டுக்கு ரீலொகேஷன் என்று பெயர். சின்ன டியோடு சின்ன ஆர் சேர்த்துக் கொடுங்கள். கால் வரிக்குக் கீழேயே 13 என்ற முகவரியில் ஆர்_எக்ஸ்86_64_பிஎல்டி32 என்ற வகையும், புட்ஸ்-4 என்ற பெயரும் வந்து நிற்கும். நிரப்ப வேண்டிய இடத்துக்கும் கட்டளை முடியும் இடத்துக்கும் நடுவே 4 பைட் இருப்பதால் அந்த -4. ஆப்ஜெக்ட் கோப்பை ரீலொகேஷன் இல்லாமல் படிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எழுதியது பிரின்ட்எஃப், வந்தது புட்ஸ். பிள்ளைகள் தடுமாறும் அடுத்த இடம் இது. கடைசியில் புதுவரிக் குறியோடு முடிகிற, வேறு எதையும் நிரப்பத் தேவையில்லாத சரத்தை (ஸ்ட்ரிங்) அச்சிடும்போது ஜிசிசி கம்பைலர் தானாகவே பிரின்ட்எஃப்பைப் புட்ஸாக மாற்றிவிடும். ஆப்டிமைசேஷன் கேட்காவிட்டாலும் மாற்றும். ஆப்டிமைசேஷனைக் கூட்டினால் இன்னும் நடக்கும். சின்னச் சின்ன ஸ்டேட்டிக் ஃபங்ஷன்கள் கூப்பிட்ட இடத்திலேயே கரைந்து, பெயரே இல்லாமல் போய்விடும். ஃபங்ஷனைக் காணோம் என்று தேடும் முன் எந்த ஓ லெவலில், அதாவது எந்த ஆப்டிமைசேஷன் அளவில், கம்பைல் ஆனது என்று பாருங்கள்.

பெரிய டியை வாரி இறைப்பது

கோப்பின் உள்ளே இருக்கும் பகுதிகளுக்கு செக்ஷன் என்று பெயர். சின்ன டி, கோடு என்று குறிக்கப்பட்ட செக்ஷன்களை மட்டும் பிரிக்கும். பெரிய டி எல்லா செக்ஷனையும் பிரிக்கும். எல்லாம் வந்தால் நல்லதுதானே என்று பலரும் பெரிய டியையே பழக்கமாக்கிக்கொள்கிறார்கள். சரங்கள் வைத்திருக்கும் ரோடேட்டா செக்ஷனையும் ஆப்ஜ்டம்ப் அப்போது கட்டளைகளாகவே படிக்கும். அங்கே கிடைப்பது முழுக் குப்பை. பார்க்க மட்டும் அசல் அசெம்பிளி போலவே இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. புரோகிராமில் "காரைக்குடி" என்று ஒரு சரம் இருக்கிறது என்று வையுங்கள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்தும் துணைக்குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். இ0 ஏஇ அல்லது இ0 ஏஎஃப் என்றுதான் ஆரம்பிக்கும். "க" என்பது இ0 ஏஇ 95. இன்டெல் கணக்கில் இ0 என்பது லூப்என்இ என்ற தாவும் கட்டளை, ஏஇ அதற்கான தூரம், 95 இரண்டு ரெஜிஸ்டர்களை மாற்றிப் போடும் எக்ஸ்சேஞ்ச். அடுத்து வரும் துணைக்கால் குறி (ா) இ0 ஏஇ பிஇ. முதலிரண்டு பைட் மறுபடியும் லூப்என்இ. பிஇ ஒரு மூவ் கட்டளை, அது பின்னால் வரும் நான்கு பைட்டையும், அதாவது "ர" முழுவதையும் "ை" குறியின் முதல் பைட்டையும், எண்ணாக விழுங்கிவிடும். ஊர்ப் பெயர் ஒன்று லூப்பும் மூவுமாக ஓடத் தொடங்கிவிடுகிறது. நம் புரோகிராமில் லூப்பே கிடையாதே, இது எங்கிருந்து வந்தது என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

டேட்டாவைப் பார்க்க சின்ன எஸ் இருக்கிறது. எந்த செக்ஷன் வேண்டும் என்பதற்கு சின்ன ஜே. இரண்டையும் சேர்த்தால் ரோடேட்டாவின் பைட்டுகள் அப்படியே வரும். அங்கேயும் ஒரு பொறி: வலப்பக்க எழுத்துப் பகுதியில் தமிழ் முழுக்கப் புள்ளிகளாகத்தான் தெரியும். கோப்பிலுள்ள சரங்களைத் தேடிக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கருவியும் சாதாரணமாக ஓட்டினால் தமிழ்ச் சரங்களைக் காட்டாது. அதற்கு சின்ன இ கொடுத்து, கூடவே பெரிய எஸ் கொடுத்தால் 8 பிட் எழுத்துகளையும் எடுத்துக் காட்டும். சரம் கண்ணில் படவில்லை என்பதை வைத்து சரமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வேறு பிராசஸரின் கோப்பை லேப்டாப் கருவியில் திறப்பது

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்து போடும் புராஜெக்ட் இந்தப் பக்கம் வருஷா வருஷம் யாராவது செய்கிறார்கள். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்றால் உள்ளே ஏவிஆர் சிப். ஈஎஸ்பி32 என்றால் எக்ஸ்டென்சா. அதே குடும்பத்தில் சி3 என்றால் ரிஸ்க்-ஃபைவ். எஸ்டிஎம்32 என்றால் ஆர்ம். லேப்டாப்பில் இருக்கும் சாதாரண ஆப்ஜ்டம்ப், இந்த ஆர்க்கிடெக்சர் எனக்குத் தெரியாது என்று பிழை காட்டினால் கோப்பு கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. அந்தந்த சிப்புக்கான கம்பைலர் தொகுப்போடு (டூல்செயின்) அதற்கான ஆப்ஜ்டம்ப் வரும், அதை எடுங்கள்.

அதே புராஜெக்டில் இன்னொன்று: சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் கோப்பைத் திறப்பது. அதில் ஃபங்ஷன் பெயர்கள் கிடையாது. எந்த செக்ஷன் கோடு என்ற குறிப்பும் கிடையாது. சின்ன டி மட்டும் கொடுத்தால் அசெம்பிளி எதுவும் வராது. அதே பில்டில் உண்டான எல்ஃப் கோப்பைத் தேடி எடுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. எல்ஃப் கிடைக்கவே இல்லை, வெறும் பைனரிதான் கையில் என்றால் மட்டும் பெரிய டி கொடுத்து, ஆர்க்கிடெக்சரையும் தொடக்க முகவரியையும் நாமே சொல்ல வேண்டும். எஸ்டிஎம்32இல் இருப்பது போன்ற கார்டெக்ஸ்-எம் சிப்புகள், ஆர்மின் சுருக்கமான வடிவமான தம்ப் கட்டளைகளை மட்டுமே ஓட்டும். ஆர்ம் என்று மட்டும் சொல்லி, தம்ப் என்று வற்புறுத்தாமல் விட்டால் வருவது எதுவும் உண்மையில்லை.

எனவே எந்தக் கோப்பானாலும் முதலில் அது என்ன வகை என்று சொல்லும் ஃபைல் கட்டளை, பிறகு ஆப்ஜ்டம்ப்புக்குச் சின்ன ஹெச். இந்த செக்ஷன் பட்டியலில் அளவுகள் ஹெக்ஸில் வருகின்றன. 00000100 என்றால் 256 பைட். சிப்பில் இடம் போதுமா என்று கூட்டும்போது இதை டெசிமலாகப் படித்துவிடுகிறார்கள். எஸ்டிஎம்32இல் டேட்டா செக்ஷனுக்கு விஎம்ஏ (ஓடும்போது இருக்கும் முகவரி) 20000000 பக்கமும், எல்எம்ஏ (ஏற்றிவைக்கும் முகவரி) 08000000 பக்கமும் இருக்கும். ஓடும்போது அது ராமில் இருக்கிறது, ஆரம்ப மதிப்புகள் ஃபிளாஷில் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சின்னதாகத் தெரிந்து பெரிதாக இழுப்பவை

இன்டெல் கோப்புகளுக்கு ஆப்ஜ்டம்ப் இயல்பாகக் காட்டுவது ஏடி அண்ட் டி நடை. எடுக்கும் இடம் முதலில், போடும் இடம் கடைசியில். பாடப்புத்தகத்தில் இன்டெல் நடை படித்த பிள்ளை மூவை நேர்மாறாகப் படித்துவிடும். கம்பேரில் இன்னும் மோசம்: 5ஐயும் இஏஎக்ஸ் ரெஜிஸ்டரையும் ஒப்பிட்டு, ஜேஎல்இ என்று அடுத்த வரி வந்தால், இஏஎக்ஸ் 5க்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் தாவு என்று பொருள். இடமிருந்து வலமாகப் படித்தால் நிபந்தனையே தலைகீழாகிவிடும். பெரிய எம் கொடுத்து இன்டெல் என்று எழுதினால் பழகிய நடையில் வரும். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒன்றிலேயே நில்லுங்கள்.

பெரிய எஸ் கொடுத்தால் சி வரிகளும் அசெம்பிளியும் கலந்து வரும். கம்பைல் செய்யும்போது சின்ன ஜி கொடுத்திருந்தால்தான் இது நடக்கும். சி கோப்பை மாற்றிவிட்டு மறுபடி கம்பைல் செய்ய மறந்தால், புதிய சி வரிகளுக்குக் கீழே பழைய கோடு வந்து நிற்கும். மூலக் கோப்பு பிந்தையது என்று ஆப்ஜ்டம்ப் எச்சரிக்கை கொடுக்கிறது. திரை ஓடும் வேகத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

முகவரி பொருந்தவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இன்றைய லினக்ஸ் புரோகிராம்கள் எங்கே ஏற்றினாலும் ஓடும்படி உண்டாக்கப்படுகின்றன. ஆப்ஜ்டம்ப்பில் மெயின் 1139 என்றிருக்கும், ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டினால் 555555555139 என்றிருக்கும். நடுவில் இருப்பது ஏற்றிய இடமான 555555554000. அதைக் கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.

சிம்பல் (ஃபங்ஷன், மாறிகளின் பெயர்) இல்லை என்று வந்தாலும் உடனே விட்டுவிட வேண்டாம். டேபிளின் முதலெழுத்தான சின்ன டீ சாதாரண சிம்பல் பட்டியலைக் காட்டும், ஸ்ட்ரிப் செய்த, அதாவது அந்தப் பெயர்களை நீக்கிய, ஷேர்டு லைப்ரரியில் அது காலி. அதே எழுத்தைப் பெரியதாகக் கொடுத்தால் டைனமிக் சிம்பல்கள் கிடைக்கும். லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன் பெயர்கள் அங்கே இருக்கும்.

கடைசியாக, வாட்ஸ்அப்பிலோ பென் டிரைவிலோ வந்த, யார் உண்டாக்கியது என்று தெரியாத புரோகிராமுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று பார்க்க எல்டிடி ஓட்டுவது. சில சூழலில் எல்டிடி அந்தப் புரோகிராமையே ஓட்டிவிடக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. மாற்று வழியையும் அதுவே தருகிறது: ஆப்ஜ்டம்ப்புக்குச் சின்ன பி கொடுத்து, நீடட் என்ற வரிகளை மட்டும் கிரெப்பில் பொறுக்குவது. நேரடியாகத் தேவைப்படும் லைப்ரரிகள் மட்டும்தான் இதில் வரும், எல்டிடி போல அடுக்கடுக்காக உள்ளே போகாது. நம்பிக்கையில்லாத கோப்புக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். அதையும் முக்கியமான வேலைகள் இருக்கும் லேப்டாப்பில் செய்யாமல் ஒரு விர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள். வேண்டுமென்றே குளறுபடியாக உண்டாக்கிய கோப்புகளைப் படிக்கும்போது தடுக்கி விழும் பிழைகள் பின்யுடில்ஸிலும் அவ்வப்போது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டு வருகின்றன.