சேர்விடாப்பைக் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்

தாம் படித்த பழைய பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றும் எண்ணத்தோடு தாயகம் செல்வோர், ஊருக்குப் போகுமுன் கொழும்பில் ஒரு வாரத்தையேனும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் முடியுமென்று நம்பி வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் இறங்கிய எனக்கு எட்டு நாள்கள் கழிந்தன. அந்த எட்டு நாளும், "என்னைப் பார்க்கவா வந்தனீ, கட்டடத்தைப் பார்க்கவா?" என்று கேட்ட அவருக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

எங்கள் பள்ளி, கேகாலை மாவட்டத்துக் காரீய (பென்சில்கரி, அதாவது கிராபைட்) சுரங்கமொன்றை அண்டியிருந்த ஓட்டுக்கூரை மண்டபம். ஐந்து வகுப்புகளையும் தட்டிகளே பிரித்தன. முதலாம் உலகப் போர்க்காலத்தில் உச்சத்திலிருந்த காரீய ஏற்றுமதி பின்னர் சரிந்தது. 1971இல் பெரிய சுரங்கங்கள் அரசுடைமையாயின. காலப்போக்கில் பிள்ளைகள் குறைந்து பள்ளியும் மூடப்பட்டது.

பழைய கட்டடம் என்பதாலேயே சட்டம் அதைக் காக்கும் என்று எண்ண வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாகக் கொண்டு எழுதப்பட்டது. அதற்குப் பிந்திய கட்டடத்துக்கு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் தேவைப்படும், அதைக் கோருவதற்குச் சான்று தேவைப்படும்.

அந்தச் சான்றில்தான் நான் அகப்பட்டுக்கொண்டேன். ஓர் அரச அலுவலகத்தில் முதல் நாள் சிங்களப் படிவம் மட்டுமே இருந்தது (1987 முதல் தமிழும் அரசகரும மொழியாதலால், தமிழ்ப் படிவத்தைத் தயங்காமல் கேளுங்கள்). இரண்டாம் நாள் உரிய அலுவலர் விடுமுறை. மூன்றாம் நாள், மாடிப்படியில் இரண்டு மணிநேரம் நின்றபின், கைபேசியில் இருந்த அறுபது படங்களையும் நீட்டினேன். எழுதுவினைஞர் இரண்டைப் பார்த்துவிட்டு, "சேர்விடாப்பு இல்லையா? கடைசி அதிபரிடம் இருந்திருக்குமே?" என்றார். பிள்ளைகள் சேர்ந்ததையும் விலகியதையும் பதியும் பள்ளிப் பதிவேடுதான் சேர்விடாப்பு.

கடைசி அதிபர் என் அப்பா. 1983இல் புறப்பட்டபோது, எரிந்துவிடக் கூடாதென்று அம்மாவின் சேலையில் சுற்றி அவர் கொண்டுவந்த சேர்விடாப்பு, கனடாவின் ஸ்காபரோவில் என் வீட்டு நிலவறைப் பெட்டியில் நாற்பது வருடங்களாகக் கிடக்கிறது. அதில் என் பெயருக்கு எதிரே, விலகிய காரணத்துக்கான கட்டத்தை அப்பா வெறுமையாக விட்டிருக்கிறார்.

ஆண்டுவாரியான பழைய கல்வி நிர்வாக அறிக்கைகளைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடலாம்; கடவுச்சீட்டைக் கொண்டு செல்லுங்கள். பணம் சேர்ந்தாலும் சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்து பூச விடாதீர்கள். ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உதிரும்.

அடுத்த முறை சேர்விடாப்பைப் பயணப் பொதியில் போட மாட்டேன். கைப்பையில்தான் கொண்டு போவேன். சின்னம்மாவுக்கென்று இரண்டு நாள்களைத் தனியே வைத்திருக்கிறேன்.