தொங்கு தொட்டியில் புதினாவும் பருப்புக்கீரையும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பால்கனித் தரையில் செருப்பு ஸ்டாண்டும் துணி காயப்போடும் ஸ்டாண்டும் போக இடமே இல்லை என்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேல் இடம் இருக்கிறது. அங்கே முதலில் வளர்க்க நான் சொல்வது இரண்டைத்தான்: புதினா, பருப்புக்கீரை. இரண்டும் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்து வளரும். கடையில் சமைக்க வாங்கிய கட்டிலிருந்தே இரண்டையும் தொடங்கலாம்.

காலை வெயில் மட்டும் மூன்று நான்கு மணி நேரம் வரும் பால்கனி என்றால் புதினா. நாள் முழுக்க வெயில் என்றால் பருப்புக்கீரை. அதன் தண்டும் இலையும் சதைப்பற்றானவை. ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் தாங்கிக்கொள்ளும்.

1. தொட்டி, கொக்கி

12 அங்குல அகலத் தொட்டி வாங்குங்கள். 6 அங்குலத் தொட்டி அழகாக இருக்கும், ஆனால் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். நனைந்த பிறகு பெரிய தொட்டி 5, 6 கிலோவாவது கனக்கும். அதனால் கொக்கி வெறும் பூச்சில் நிற்கக் கூடாது. கான்கிரீட்டில் துளை போட்டு போல்ட்டாக மாட்டச் சொல்லுங்கள். கம்பிக்கூடையும் தென்னைநார் விரிப்பும் வாங்கினால், விரிப்பின் உள்பக்கம் பழைய பாலித்தீன் பை ஒன்றை, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, விரித்துவிடுங்கள். ஈரம் நெடுநேரம் நிற்கும்.

2. கலவை

வெறும் மண் கனம், சீக்கிரம் இறுகியும் போகும். கோகோபீட் (தென்னைநார்த் தூள்) 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, செம்மண் 1 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. கோகோபீட் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிட்டே சேருங்கள். அதில் உப்பு இருக்கும். தொட்டியை வாய்வரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள்.

3. நடவு

துவையலுக்கு இலை ஆய்ந்த புதினாத் தண்டுகளில் தடித்தவையாக ஏழெட்டு எடுங்கள். நுனியில் நாலு இலை போதும். கீழ்க்கணு மூழ்கும்படி டம்ளர் தண்ணீரில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் பத்து நாளுக்குள் வேர் தெரியும். அப்புறம் நடுங்கள். பருப்புக்கீரைக்கு அதுகூட வேண்டாம். தண்டை நேராக ஈரக் கலவையில் செருகினாலே பிடித்துக்கொள்ளும். நட்டதும் நாலைந்து நாள் நிழலில் வையுங்கள்.

4. தண்ணீர்

தொங்கு தொட்டி வாழ்வதும் வாடுவதும் இதில்தான். நாலா பக்கமும் காற்று படுவதால் தரைத் தொட்டியைவிட வேகமாகக் காயும். தினம் காலையில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அடியில் சொட்டும்வரை ஊற்றுங்கள். கோடையில் மாலையிலும் ஒரு தடவை.

என் முதல் தொட்டியை ஊருக்குப் போன மூன்று நாள் காயவிட்டேன். திரும்பி வந்து ஊற்றினேன், தண்ணீரும் அடியில் வழிந்தது, செடி மட்டும் தலை தூக்கவில்லை. நன்றாகக் காய்ந்த கோகோபீட் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும். ஊற்றுவதெல்லாம் அந்த வழியே ஓடிவிடும், நடுவில் இருக்கும் வேருக்குப் போகாது. அப்படி ஆனால் தொட்டியைக் கழற்றி, ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிட்டு மாட்டுங்கள். ஊரிலிருந்து வந்த அன்றே செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

5. பறிப்பும் உரமும்

இலையை உருவாதீர்கள். நுனியை ஒரு கணுவுக்கு மேலே கிள்ளுங்கள், அங்கிருந்து இரண்டு கிளை வரும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். பருப்புக்கீரையைப் பூத்துக் காய்க்கும் முன்பே கிள்ளிக்கொண்டிருந்தால் தண்டு இளசாக இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) கலந்து வேரில் விடுங்கள்.

நாலைந்து மாதத்தில் புதினா வேர் தொட்டி முழுக்கப் பின்னிக்கொள்ளும், இலை சிறுக்கும். அப்போது மொத்தமாகக் கவிழ்த்து, வேர்க்கட்டியைக் கத்தியால் நாலாக வெட்டி, ஒரு துண்டைப் புதுக் கலவையில் நடுங்கள். மீதி மூன்றையும் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்வார்கள்.