டென்டன் வெல்ச்சைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில நாவலாசிரியர், ஓவியர் டென்டன் வெல்ச் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1935 ஜூன் 7இல்தான் ஆரம்பிக்கிறார்கள். அன்றைக்கு லண்டன் பக்கமிருந்து சர்ரேயில் இருந்த உறவினர் வீட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், பின்னால் வந்த கார் மோதி முதுகெலும்பு முறிந்தது, அப்போது வயது 20. அதோடு ஓவியம் போயிற்று, எழுத்து வந்தது, 33 வயதில் இறந்துபோனார் என்று நாலு வரியில் கதையை முடித்துவிடுவார்கள். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஓவியம் எங்கேயும் போகவில்லை. கோல்ட்ஸ்மித்ஸ் கலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் விபத்து. மரணத்தின் வாசல்வரை போய் வந்தவர் இரண்டே வருஷத்தில், 1937இல், ஷெல் நிறுவனத்தின் விளம்பரச் சுவரொட்டிக்கு கென்ட்டில் உள்ள ஹாட்லோ கோட்டையை வரைந்து கொடுத்தார். அப்புறம் நாவல்கள் வந்தபோது அவற்றுக்கான அலங்காரப் படங்களையும் தானேதான் வரைந்தார். அவர் வரைந்த தன்னுருவப் படம் இன்றும் லண்டன் தேசிய உருவப்பட அரங்கின் சேகரிப்பில் இருக்கிறது. சிதைந்துகிடந்த 18ஆம் நூற்றாண்டுப் பொம்மை வீடு ஒன்றைப் பொறுமையாகச் சீர்செய்தார். அதுவும் இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஓவியத்தை விட்டவர் செய்கிற வேலையா இதெல்லாம்?

படுத்த படுக்கையாகவே கிடந்து எழுதினார் என்பதும் சரியில்லை. தேறிய பிறகு நடந்தார், மறுபடி சைக்கிளும் ஓட்டினார், கென்ட் கிராமப்புறத்தில் சுற்றினார், பழைய சர்ச்சுகளைத் தேடிப் போனார், பழம்பொருள் கடைகளில் உடைந்த பீங்கானைக் கிளறினார். அதற்காக நோயைச் சின்னதாக்கிவிடவும் கூடாது. காய்ச்சல், தலைவலி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் விடாமல் துரத்தின. கடைசிக் காலத்தில் ஒரு தடவைக்குக் கொஞ்ச நேரம்தான் எழுத முடிந்தது. 1948 டிசம்பர் 30 அன்று இறந்தார்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது: நாவல்களை அப்படியே வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்வது. இதற்கு அவரே ஒரு வகையில் காரணம். 1943இல் வந்த முதல் நாவல் ‘மெய்டன் வாயேஜ்’இல் கதைசொல்லியின் பெயரே டென்டன்; ரெப்டன் பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் ஓடிப்போனதும், பிறந்த ஊரான ஷாங்காயில் இருந்த அப்பாவிடம் போய்ச் சேர்ந்ததும் நிஜத்தில் நடந்தவை. ஆனால் அடுத்த நாவலான ‘இன் யூத் இஸ் பிளெஷர்’ படர்க்கையில் போகிறது, பையனின் பெயர் ஆர்வில் பிம், வயது 15, அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. வெல்ச்சின் அம்மா இறந்தபோது அவருக்கு 11 வயது. கணக்குக் கொஞ்சம் இடறுகிறது, இல்லையா? ஞாபகத்தில் இருந்ததை எடுத்து, தன் தேவைக்கு வெட்டி ஒட்டி, ஓட்டலில் கழிகிற ஒரே கோடை விடுமுறைக்குள் அடைத்தார். “இது எந்த வருஷம் நடந்தது, அந்த ஆள் நிஜத்தில் யார்” என்று தேடிக்கொண்டே படித்தால் அந்த ஓட்டல் அறையில் ஆர்வில் தனியாக இருக்கும் பக்கங்களின் கனம் கையில் சிக்காது.

விபத்தைப் பற்றிய ‘எ வாய்ஸ் த்ரூ எ கிளவுட்’ நாவலைப் பாருங்கள், அவர் முடிக்காமல் விட்டது, 1950இல் வெளிவந்தது. அதில் கார் மோதுகிற காட்சியே கிடையாது. கதைசொல்லி சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறான், அடுத்து வலியின் நடுவே ஒரு குரல் கேட்கிறது, அது ஏதோ கேள்விகள் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மோதின கணம் அவனுக்கு ஞாபகம் இல்லை, அதனால் நமக்கும் தரவில்லை. என்னைக் கேட்டால் அவர் எழுதியதிலேயே மிகத் துணிச்சலான இடம் இதுதான், வெறும் வாக்குமூலம் என்று படிக்கிறவர்கள் நிற்காமல் தாண்டிப் போவதும் இந்த இடத்தைத்தான்.

மூன்றாவது, ‘தன்னைப் பற்றி மட்டுமே எழுதியவர்’ என்ற முத்திரை. அவரைக் கவனிக்க வைத்தது இன்னொருவரைப் பற்றிய கட்டுரை: முதிய ஓவியர் வால்டர் சிக்கர்ட்டின் வீட்டுக்குத் தேநீருக்குப் போன கதை, 1942இல் ‘ஹொரைசன்’ இதழில் வந்தது. சாக்கடைத் தொழிலாளிகள் போடுவது போன்ற பெரிய பூட்ஸோடு அந்தக் கிழவர் வந்து நிற்பதை வெல்ச் காட்டுகிற விதத்தில் ஓவியனின் கண் தெரியும். அதைப் படித்துத்தான் கவிஞர் ஈடித் சிட்வெல் அவருக்குக் கடிதம் எழுதினார், பிறகு முதல் நாவலுக்கு முன்னுரையும் கொடுத்தார்.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸ் தன் நாவல் ஒன்றை வெல்ச்சுக்குச் சமர்ப்பித்ததால் அந்த வழியாக வருகிறவர்களும் உண்டு. பர்ரோஸின் போதையையும் துப்பாக்கியையும் எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே இருப்பது தேநீர்க் கோப்பை, ஆற்றங்கரை, பையனின் வெட்கம்.

கடைசியாக, நாட்குறிப்பு. 1942இலிருந்து இறந்த வருஷம் வரை எழுதியது. ஜோசிலின் புரூக் 1952இல் கொண்டுவந்த பதிப்பு நிறைய வெட்டப்பட்டது. ஆண்களுக்கிடையேயான உறவு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த காலம் அது. 1943இல் சந்தித்து வாழ்நாள் துணையாகிவிட்ட எரிக் ஆலிவரை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள மைக்கேல் டி-லா-நோய் 1984இல் வெளியிட்ட பதிப்புதான் வேண்டும். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 1952 பதிப்பை எடுத்துவிடாதீர்கள். நாவல்களில் ‘இன் யூத் இஸ் பிளெஷர்’ முதலில், விபத்து நாவல் கடைசியில். இரண்டுக்கும் நடுவே இந்த நாட்குறிப்பைப் படித்தால் போதும்.