மாட்டிறைச்சியின் நிறம் காக்கும் வைட்டமின் ஈ: தீவனத்தில் எப்போது, எவ்வளவு?

இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளுக்கு வைட்டமின் வாங்குவதற்கு முன், அவை எதைத் தின்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். பி வகை வைட்டமின்களைப் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே பெரும்பாலும் உண்டாக்கிவிடுகின்றன. பசும்புல் மேயும் மாட்டுக்கு வைட்டமின் ஈயும் தாராளமாகக் கிடைத்துவிடுவதால், அதற்கெனத் தனியாகச் செலவிடுவது வீண். தானியத்தையும் காய்ந்த தீவனத்தையும் தின்று எடையேறும் மாட்டுக்கே அது பயன்படும்.

வெட்டிய இறைச்சி சிவந்திருப்பதற்குக் காரணம், தசையிலுள்ள நிறப் புரதமான மயோகுளோபின் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றியிருப்பதே. அந்தப் புரதமே ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்து மெட்மயோகுளோபின் என்னும் பழுப்பு வடிவமாக மாறும்போது, கெடாத இறைச்சிகூடப் பழுப்பாகி, வாங்குபவரால் ஒதுக்கப்படுகிறது. உயிரணுச் சவ்வுகளில் படிந்திருக்கும் வைட்டமின் ஈ, கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிப்பதையும் இந்த நிறமாற்றத்தையும் தள்ளிப்போடுகிறது. இறைச்சியை மென்மையாக்கவோ சுவையைக் கூட்டவோ அதை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

வழக்கமான அளவு, மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 500 சர்வதேச அலகு (வைட்டமின்களை அளக்கும் அலகு, IU), வெட்டுக்கு முந்தைய சுமார் 100 நாட்களுக்கு. தசையில் அது மெதுவாகவே சேர்வதால், கடைசி வாரத்தில் அள்ளிக் கொடுத்து ஈடுகட்ட முடியாது. அசிடேட் வடிவத்தில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். சேமிப்பில் எளிதில் சிதையாது. கிராமுக்கு 500 அலகு கொண்ட தூளானால் ஒரு மாட்டுக்கு ஒரே ஒரு கிராம்தான் தேவை. அதை நேராகத் தீவனக் குவியலில் தூவினால் ஒரு மாட்டுக்கு இரு மடங்கும் மற்றொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். ஆகவே 50 மாடுகளுக்கான 50 கிராமை முதலில் இரண்டு கிலோ அரைத்த தானியத்தில் நன்கு கலந்து, பிறகு அதை முழுத் தீவனத்தோடு சேருங்கள். தாமிரம், இரும்பு போன்ற தாது உப்புகளுடன் ஒரே மூட்டையில் மாதக்கணக்கில் வைத்தால் வைட்டமின்கள் வீரியம் இழக்கும்.

வைட்டமின் ஏயைக் குறைத்தால் தசைக்குள் கொழுப்பு இழையோடுவது கூடும் என்பது உண்மையே. ஜப்பானில் வாக்யூ என்னும் இன மாடுகளை வளர்ப்போர் அதைச் செய்வதுண்டு. ஆனால் அளவு தவறினால் மாட்டுக்குப் பார்வை பறிபோகும், கால்கள் வீங்கும். கால்நடை மருத்துவரின் கண்காணிப்பின்றி அதில் இறங்கக் கூடாது. இறைச்சியின் மென்மைக்காக வெட்டுக்கு முந்தைய நாட்களில் வைட்டமின் டியைப் பெருமளவில் கொடுக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பலன் சீராக இல்லை, மாடு தீவனத்தைக் குறைத்துவிடுகிறது, ஈரலிலும் அது எஞ்சி நிற்கிறது.