எரிசக்தி ஆய்வுக்கு வீடு ஏறிப் போகிறவர்களுக்கு

சமூகவியல் படித்தவளுக்குக் கறண்ட் ஆய்வில் என்ன வேலை என்று மாமா இன்னும் கேட்கிறார். என் வேலை அடுப்பங்கரையில் குந்தியிருப்பதுதான். இனி வரப்போகும் பிள்ளைகளுக்காக, பட்டுத் தெளிந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் படிவம். வன்னியில் மல்லாவிப் பக்கம் நான் கொண்டுபோன முதல் படிவத்தில் மண்ணெண்ணெய்க்கு இரண்டே பெட்டி: விளக்கு, அடுப்பு. மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்கிற மெசினுக்கு இடமே இல்லை. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது அடிபட்டது அந்தத் தோட்டம்தான். அச்சடிக்கும் முன் ஐந்தாறு வீட்டில் வெறுங்கையோடு போயிருந்து கதையுங்கள். அறுவடை நேரம் போகவேண்டாம்.

“வீட்டில் மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர் இருக்கு?” என்று வாசலிலேயே கேட்காதீர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த சனம். நான் கேட்டதும் ஒரு அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பிள்ளை எந்தக் கந்தோர்?” என்றார். அப்புறம் கேட்ட எதற்கும் சரியான பதில் வரவில்லை.

மாதத்துக்கு எவ்வளவு விறகு என்று கேட்டால், உங்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று ஏதோ ஒரு எண் சொல்லிவிடுவார்கள். நேற்றிலிருந்து தொடங்குங்கள்: காலையில் தேத்தண்ணி யார் வைத்தது, எதில் வைத்தது? காஸ் அடுப்பு முன்னால் பளபளவென்று இருக்கும். சோறும் புட்டும் பின்கொட்டிலில் விறகில் வேகும்.

விறகை நிறுத்துத்தான் பார்க்கவேண்டும். ஒரு தொங்கு தராசு, ஒரு உரப்பை போதும். எரிக்கப்போகும் விறகை ஒதுக்கச் சொல்லி நிறுங்கள். மறுநாள் அதே நேரம் மிச்சத்தை நிறுங்கள். குறைந்தது மூன்று நாள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், விறகு ஈரமா என்பதையும் எழுதுங்கள். மாரியில் தண்ணீரையும் சேர்த்து நிறுத்துவிடுவீர்கள். ஒரு வீட்டில் எனக்காகவே நல்ல பாலை விறகை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். கணக்கு மிகக் குறைவாக வந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் அங்கேயே இருந்தபோதுதான் கண்டேன்: அடுப்பில் எரிந்தது பொச்சுமட்டையும் தென்னோலையும். அடுக்கிய விறகில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

கறண்ட் பில்லையும் பார்க்கக் கேளுங்கள். மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே விலை கூடும். ஒரு அக்கா கலண்டரில் மூன்று நாளுக்கொருமுறை மீற்றர் எண்ணைப் பென்சிலால் குறித்திருந்தார். ஐம்பதைத் தாண்டினால் இரவில் பிறிட்ஜை நிற்பாட்டிவிடுவாராம். அவருடைய பில்கள் 58, 59, 57. இதை மேசையிலிருந்து பார்த்த எங்கள் பொறியியலாளர், “இங்கே தேவை குறைவு” என்று எழுதியிருந்தார். கலண்டரின் படத்தைக் காட்டினேன். அந்த வரியை வெட்டினார்.

படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா, “எடுங்கோ தங்கச்சி, சீட்டுக்காசு எழுதின பக்கத்தை மட்டும் விடுங்கோ” என்றார்.