இடது முன்சக்கரத்தில் மட்டும் காற்று குறைந்துகொண்டே இருந்ததற்கான காரணம்

கார் நேர்ச்சாலையிலும் இடப்பக்கம் இழுத்தது. எரிபொருள் வழக்கத்தைவிட விரைவாகத் தீர்ந்தது. இடது முன் டயரின் நடுப்பகுதி நன்றாக இருக்க, இரு ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. முதலில் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தேன், அதில் குறையில்லை. இரு ஓரங்களும் ஒன்றுபோல் தேய்வது காற்றுக் குறைவின் அடையாளம் என்பதால் அடுத்து பஞ்சர் தேடினோம். சக்கரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தியும் ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று நிரப்பும் வால்வின் உள்ளூசியை மாற்றியும் பயனில்லை.

ஓடி முடித்த சூட்டில் அளந்தால் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அது உண்மையான குறைவை மறைத்துவிடும் என்பதால், வண்டி 3 மணி நேரமாவது நின்ற பிறகே அளந்து குறித்தேன். அப்போது ஒன்று தெரிந்தது: நிறுத்தி வைத்த நாள்களில் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே இருந்தது, ஓடிய நாள்களில்தான் குறைந்தது.

வால்வின் அடியில் சோப்பு நீரைத் தடவி, அதன் ரப்பர்த் தண்டை விரலால் வெளிப்பக்கமாக வளைத்துப் பார்த்தேன். நேராக நின்றபோது இல்லாத குமிழிகள் உடனே கிளம்பின. சக்கரம் சுழலும்போது மைய விலக்கு விசை ரப்பர்த் தண்டை வெளிப்புறம் வளைக்க, அடிப்பகுதி வெடிப்பு திறந்து காற்றை விடுகிறது. இதை வால்வு மூடியை இறுக்கித் தடுக்க முடியாது. மூடி இருப்பது தண்டின் நுனியில், ஓட்டையோ அடியில்.

புதிய வால்வு பொருத்தி, ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டவணைப்படி காற்று நிரப்பியதும் இழுப்பு நின்றது. மற்ற வால்வுகளும் அதே வயதுடையவை என்பதால் அவற்றையும் மாற்றிவிட்டேன்.